யார் ஆண்டாலும் ஒன்றா?

"அமெரிக்காவில் எந்தக் கட்சி வந்தாலென்ன? தாராளவாதம் வெறும் முகமூடி. அவர்கள் வீட்டுச் சண்டையில் பவானிக்கு என்ன வேலை?" என்ற வாதம் நம் பக்கத்தில் எடுபடுகிறது. இதை ஏற்க முடியாது.

இதில் பாதி உண்மை உண்டு. 2002 அக்டோபரில் ஈராக் போருக்கு அனுமதி தந்த தீர்மானத்தை செனட்டில் ஜனநாயகக் கட்சியினர் 29 பேர் ஆதரித்தார்கள். அந்தக் கறை போகாது. ஆனால் பிரதிநிதிகள் சபையில் அதே தீர்மானத்தை அக்கட்சியினர் 126 பேர் எதிர்த்தார்கள். குடியரசுக் கட்சியில் எதிர்த்தவர்கள் 6 பேர்தான். இரண்டும் ஒன்றா?

பவானிக்கு வருவோம். குழித்தறியில் கால்களை இறக்கி உட்கார்ந்து, மிதியை மிதித்து ஜமக்காளம் நெய்கிற ஊர் இது. சென்னிமலை, கரூர், திருப்பூர் என்று இந்த வட்டாரமே நூலை நம்பிப் பிழைக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் துணிகள் மீது அமெரிக்கா 50 சதவீதக் கூடுதல் வரி போட்டது. டிரம்ப் காட்டிய ஆதாரம் 1977ஆம் ஆண்டின் நெருக்கடிகாலச் சட்டம். வரி விதிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உரியது என்று வழக்குப் போட்டவர்கள் அங்குள்ள சிறு வணிகர்களும் 12 மாநிலங்களும். அந்த மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் அனைவரும் ஜனநாயகக் கட்சியினர். ஆகஸ்ட் 29 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது.

தனி மனிதரின் அதிகாரத்துக்குச் சட்டம் கடிவாளம் போடும் என்பதே தாராளவாதத்தின் சாரம். அது அங்கே தோற்றால் இங்கே தறி நிற்கும். அமெரிக்காவைக் கண்டியுங்கள், அதற்குள் நம் பக்கம் நிற்பவர்களையும் சேர்த்து ஒதுக்காதீர்கள்.