காப்பதும் உக்குவதும்

சென்ற கிழமை எமது வகுப்பிலே, மண்ணில் உக்கிப்போகும் உணவுறைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மாணவன் ஒருவன் எழுந்தான். "உறையே உக்குமாயின், ஐயா, உள்ளே இருக்கும் உணவும் அதனோடு சேர்ந்து கெட்டுவிடாதா?" என்றான். வகுப்பு சிரித்தது, நாம் சிரிக்கவில்லை. ஆராய்ச்சியாளரை இன்று வாட்டும் வினாவும் அதுவே.

பொலித்தீன் உணவைக் காக்கும், ஆனால் உக்காது. குப்பை குவிந்தால் யாது நேரும் என்பதை, 2017 சித்திரைப் புத்தாண்டு நாளிலே கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் மேடு சரிந்து, 30 பேருக்கு மேல் மாண்டபோது கண்டோம். அவ்வாண்டு செப்டெம்பர் 1ஆந் திகதி முதல், சோற்றுப்பொதி கட்டும் 'லஞ்ச் சீற்' தடைசெய்யப்பட்டது. வாழையிலையோ உக்கும், ஆயின் உணவை நெடுநேரம் காவாது.

இவ்விரு பணிகளையும் ஒருங்கே ஆற்றும் மென்தாளை ஆக்கவே பல நாடுகளில் முயல்கின்றனர். மரவள்ளி மாவை நீரிலே கூழாகக் காய்ச்சி, சிறிது கிளிசரோல் கலந்து, தட்டிலே மெல்லிதாக ஊற்றி உலர்த்தினால் ஒளி ஊடுருவும் தாள் கிடைக்கும். கிளிசரோல் இன்றேல் அது அப்பளம்போல் நொறுங்கும். இறால், நண்டு ஆகியவற்றின் ஓடுகளிலிருந்து பெறும் கைற்றோசனாலும் தாள் ஆக்கலாம். கிருமிகளை அடக்கும் இயல்பு அதற்குத் தானாகவே உண்டு.

கூழ் ஆறும்போது கறுவா எண்ணெயையோ கராம்பு எண்ணெயையோ சேர்க்கின்றனர். காலியிலும் மாத்தறையிலும் விளையும் எமது கறுவா விந்தையான மரம். அதன் பட்டை எண்ணெயிலே மிகுந்திருப்பது சின்னமல்டிகைட்டு. இலை எண்ணெயிலே மிகுந்திருப்பது, கராம்பிலும் உள்ள யூசினோல். இரண்டும் பற்றீரியாவின் மென்சவ்வைச் சிதைக்க வல்லன, பூஞ்சணத்தையும் தடுப்பன. தாளிலிருந்து மெல்லக் கசிந்து இவை உணவின் மேற்பரப்பை அடைகின்றன. பாணிலே பூஞ்சணம் முதலிற் பிடிப்பதும் மேற்பரப்பில் அன்றோ? கள்வன் நுழையும் வாயிலிலேயே காவலாளியை நிறுத்துவது போன்றது இது.

மாணவனுக்கு விடை இதுதான்: கடையிலே தாள் உலர்ந்திருக்கிறது, காவலாளியும் விழித்திருக்கிறான். மண்ணிலே புதைத்தபின் ஈரம் ஏறும், எண்ணெய் தீர்ந்துபோகும், எண்ணிறந்த நுண்ணுயிர்கள் சூழ்ந்து தாளை உண்ணும். காப்பதற்கு ஒரு காலம். உக்குவதற்கு ஒரு காலம்.

ஆயினும் குறைகள் உள. மாவினாலாய தாள் நீர்பட்டால் நெகிழும். குழம்பு ஊற்றிய சோற்றுக்கு அது தனித்து உதவாது. எண்ணெய் குறைந்தால் கிருமி அடங்காது; மிகுந்தால் மீனிலும் கறுவா மணக்கும். விலையிலும் பொலித்தீனுக்கு ஈடாக இன்னும் இறங்கவில்லை.

மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். 'உக்கும்' என்று அச்சிட்டவை யாவும் எவ்விடத்தும் உக்கும் என எண்ணற்க. சோளத்தின் வெல்லத்திலிருந்து ஆக்கும் பொலிலற்றிக்கமிலம் விரைந்து உக்க, ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வெப்பமுள்ள கூட்டெருக் கிடங்கு வேண்டும். வாய்க்காலில் எறிந்தால் அது நெடுங்காலம் கிடக்கும்.

ஆதலின், உறையை வாங்கும்போது "உக்குமா?" என்பதோடு நில்லாது, "எங்கே உக்கும்? எத்தனை நாளில்?" என்றும் கேட்போமாக. வகுப்பு சிரிக்குமே என்று அஞ்சாது எழுந்த அம்மாணவனைப் போலவே கேட்போமாக.