பிள்ளை யாரிடம் வளர்வது?

கணவனும் மனைவியும் பிரிவது என்று ஆகிவிட்டால் நம் காலனிகளில் முதலில் கூடுவது பஞ்சாயத்துதான். நகை, பாத்திரம் எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியாகப் பிள்ளை பேச்சு வரும். ‘ஆம்பளப் புள்ள அப்பன் வீட்டுக்குத்தான்’ என்பார் ஒரு பெரியவர். அந்தப் பெண் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு தாய்வீடு போவாள்.

அந்தத் தாள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்பதை நாம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லா மதத்தினருக்கும் பொதுவான 1890ஆம் ஆண்டுச் சட்டமும், இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டமும் குழந்தையின் நலனைத்தான் பார்க்கச் சொல்கின்றன. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டுச் சட்டம். ‘கூலிக்காரி எப்படி வளர்ப்பாள்?’ என்று மிரட்டுவார்கள். வருமானம் குறைவு என்பதற்காக மட்டும் பிள்ளையைப் பறிக்க முடியாது. தாயிடம் வளர்ந்தாலும் தகப்பன் ஜீவனாம்சம் தர வேண்டும்.

வழக்கு முடியும் வரை ஒருவரிடம் விடுவது இடைக்காலப் பொறுப்பு. தீர்ப்பில் தருவது நிரந்தரப் பொறுப்பு; பெயர்தான் நிரந்தரம், நிலைமை மாறினால் மாற்றிக் கேட்கலாம். மற்றவருக்குப் பிள்ளையைப் பார்க்கும் உரிமை உண்டு. அடி உதைக்குப் பயந்து வெளியேறிய பெண், 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மாஜிஸ்திரேட்டிடமே தற்காலிகப் பொறுப்பு கேட்கலாம். இருவரும் சேர்ந்து வளர்க்கும் கூட்டுப் பொறுப்பைச் சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது. சில வழக்குகளில் நீதிமன்றங்களும் தருகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தாயின் சாதியைச் சொல்லிப் பிள்ளையைக் குத்திக்காட்டும் வீட்டுக்கு வாரம் பாதி அனுப்பி வைப்பதை நலன் என்று நம்மால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சாதி மறுப்புத் திருமணம் முறியும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. பிள்ளை தலித் தாயிடம் வளரும். சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால் ‘அப்பா சாதிதான் பிள்ளைக்கு’ என்று விண்ணப்பத்தைத் திருப்புவார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. தகப்பன் சாதிதான் என்று முதலில் அனுமானிக்கலாம். ஆனால் பிள்ளை தாயின் சமூகத்தில், அதே இழிவுகளை அனுபவித்து வளர்ந்ததைக் காட்டினால் அந்த அனுமானம் நிற்காது. ஆகவே பிள்ளை எந்தத் தெருவில் வளர்ந்தது, எந்தப் பள்ளியில் படித்தது என்பதற்கான காகிதங்களைத் தாய்மார்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கல்லூரி இடம் கேட்கும் நாளில் அவைதான் பேசும்.

வக்கீலுக்குக் காசில்லை என்று ஒதுங்க வேண்டாம். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பஞ்சாயத்தில் கையெழுத்துப் போட்ட தாளின் நகல் இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.