‘ஆஃப் சீசன்’ என்பது யாருடைய சொல்?

வரும் பனிக்காலத்தில் மத்தியதரைக் கடலோரமாக மோட்டார்ஹோமில் ஒரு நெடும்பயணம் போவதென்று நண்பர்கள் சிலர் முடிவெடுத்து, அதற்கான திட்டவரைவை அண்மையில் நமக்கும் அனுப்பியிருந்தார்கள். பிரான்சின் மாந்தோன் நகரில் தொடங்கி மார்செய், பெர்பிஞான், பார்சிலோனா, வலென்சியா, அல்மேரியா வழியாக மாலகாவில் முடியும் ஆறு வாரப் பயணம். ஜனவரி நடுவில் புறப்பாடு, பிப்ரவரி இறுதியில் முடிவு. படித்து முடித்தபோது முதலில் வியப்பும் பின்னர் கோபமும் எழுந்தன. வியப்பை முதலில் சொல்லிவிடுவதே நியாயம்.

வரைவு அத்தனை கவனத்தோடு தயாரிக்கப்பட்டிருந்தது. குளிர் பூச்சியம் டிகிரியை நெருங்கும்போது பூட்டேன் ஆவியாக மறுத்து அடுப்பும் ஹீட்டரும் அணைந்துவிடும், ஆகவே ப்ரொப்பேன் சிலிண்டரே வேண்டும். சிலிண்டரின் வாய்ப்பூட்டு நாட்டுக்கு நாடு மாறும், ஆகவே அதற்கான இணைப்பிகளைக் கையோடு வைத்திருக்க வேண்டும். பிரெஞ்சுக் கடலோர முகாம்களில் பெரும்பாலானவை வசந்தம்வரை மூடியிருக்கும், ஸ்பெயினில் பல ஆண்டு முழுதும் திறந்திருக்கும். பெர்பிஞானை ஒட்டிய சமவெளியில் த்ரமொந்தான் காற்று வீசும் நாளில் உயரமான வண்டியை எடுக்கவே கூடாது. ஷெங்கன் நாடுகளில் வெளிநாட்டவர் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. கட்டலோனியாவின் ஏ.பி.-7 நெடுஞ்சாலையில் 2021க்குப் பிறகு சுங்கம் இல்லை என்பது உட்பட எல்லாம் இருந்தது. ஒரு புத்தகத்தை இத்தனை சிரத்தையுடன் படிப்பவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றியது.

கோபம் ஒரு சொல்லின் மீது. வரைவின் முதல் பக்கத்திலேயே, பனிக்காலத்தைத் தேர்ந்ததற்கான காரணம் இப்படிக் கூறப்பட்டிருந்தது: அது ‘ஆஃப் சீசன்’, கடற்கரைகள் ஆளற்றுக் கிடக்கும், அந்த நிலம் முழுக்க நமக்கே. இந்தச் சொல்லை எதிர்த்தே இக்கட்டுரை. ஒரு நிலத்துக்குப் ‘பருவம்’ எது என்று தீர்மானிக்கும் உரிமையைச் சுற்றுலாக்காரனுக்கு யார் கொடுத்தது? அவன் வராத மாதங்களில் அங்கே எதுவுமே நிகழவில்லையா? நண்பர்கள் தேர்ந்திருக்கும் இந்தப் பாதையில், அவர்கள் தேர்ந்திருக்கும் இதே மாதங்களில், கடந்த நூற்றாண்டில் நிகழ்ந்தவற்றை அறிந்த எவரும் ‘ஆளற்ற கடற்கரை’ என்று எழுதத் துணியமாட்டார்கள்.

வரைவில் ஒன்பதாம் நாள் இரவுத் தங்கல் அர்ஜெலேஸ்-சுர்-மேர். இன்று அவ்வூர் டஜன் கணக்கான முகாம்களைக் கொண்ட, விடுமுறைக் கூடாரங்களுக்குப் பேர்போன ஊர். 1939 ஜனவரி 26இல் பார்சிலோனா ஃப்ராங்கோவின் படைகளிடம் வீழ்ந்தது. அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் பிரெனே மலைகளைக் கடந்து பிரான்சுக்குள் வந்தார்கள். அவர்களில் பல்லாயிரம் பேரை பிரெஞ்சு அரசு அடைத்துவைத்த இடம் இந்த அர்ஜெலேஸ் கடற்கரைதான். முதல் நாட்களில் அங்கே கொட்டகைகூட இல்லை. கடலும் மணலும் முள்வேலியும்தான். த்ரமொந்தான் வீசிய பிப்ரவரி இரவுகளில் மனிதர்கள் மணலில் குழி பறித்து அதற்குள் படுத்தார்கள். நமது வரைவு எந்தக் காற்றைப் பற்றி வண்டிக்காகக் கவலைப்படுகிறதோ, அதே காற்று. முகாம் என்ற ஒரே சொல் அவ்வூரின் இரண்டு வாழ்வுகளுக்கும் பெயராக இருக்கிறது. ஒன்றை மட்டும் வரைபடத்தில் குறித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதை அறியாமை என்று மன்னிக்கலாம். ஆனால் நண்பர்கள் அறியாதவர்கள் அல்லர். இலக்கியம் படிப்பவர்கள்.

அதுதான் நம்மை மேலும் உறுத்துகிறது. ஏனெனில் வரைவில் இலக்கியத்துக்கும் இடம் இருக்கிறது. அர்ஜெலேசிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள கொலியூரில், ஸ்பானியக் கவிஞர் அந்தோனியோ மச்சாதோவின் கல்லறை. அதே கூட்டத்தோடு எல்லை கடந்து வந்த மச்சாதோ 1939 பிப்ரவரி 22இல் அவ்வூர் விடுதியொன்றில் இறந்தார். மூன்று நாள் கழித்து அவருடைய தாயும் இறந்தார். எல்லைக்கு அப்பால் போர்ட்போவில், 1940 செப்டம்பரில் ஸ்பெயினுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டு உயிர் நீத்த வால்டர் பெஞ்சமினின் நினைவிடம். டானி கரவான் 1994இல் முடித்த அந்த நினைவுச்சின்னத்தில், கடலை நோக்கி இறங்கும் படிக்கட்டைக் கண்ணாடித் தடுப்பொன்று மறித்து நிற்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு பிற்பகல் ஒதுக்கப்பட்டிருக்கிறது, ‘படம் எடுக்க நல்ல வெளிச்சம்’ என்ற குறிப்புடன்.

ஒரு கவிஞர், ஒரு சிந்தனையாளர். அந்தக் கவிஞரோடு எல்லை கடந்து வந்த ஐந்து லட்சம் பேருக்கு வரைவில் ஒரு வரிகூட இல்லை. இந்தக் குற்றச்சாட்டு நண்பர்கள்மீது மட்டுமன்று, நம் அனைவர்மீதும்தான். சிற்றிதழ் வாசகர்களாகிய நாம் கல்லறைகளைத் தேடிப் போகிறவர்கள். பெயர் பொறித்த கல்லறை என்றால் மட்டும். பெயர் இருந்தால் யாத்திரை, பெயர் இல்லாவிட்டால் ‘ஆஃப் சீசன்’ என்பது இலக்கிய ரசனை ஆகாது.

அல்மேரியாவுக்கு வருவோம். அங்கே காபோ தெ காத்தா இயற்கைப் பூங்காவில் நான்கு இரவுகள். பூங்காவின் பெரும்பகுதி நீஹார் என்னும் நகராட்சிக்கு உட்பட்டது. அல்மேரியா மாவட்டத்தில் 30,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தைப் பிளாஸ்டிக் பசுங்குடில்கள் மூடியிருக்கின்றன. வடஐரோப்பா உறைந்து கிடக்கும் மாதங்களில் அதற்குத் தக்காளியும் குடமிளகாயும் வெள்ளரியும் இங்கிருந்துதான் போகின்றன. பனிக்காலமே இந்த மண்ணின் உச்சப் பருவம். பறிப்பவர்களில் பெரும்பாலோர் மொராக்கோவிலிருந்தும் சகாராவுக்குத் தெற்கிலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் பலர் மரப்பலகையும் கழித்துப்போட்ட பிளாஸ்டிக்கும் கொண்டு கட்டிய குடிசைகளில் வாழ்கிறார்கள். 2000 பிப்ரவரியில் எல் எஹீதோ நகரில் மொராக்கோத் தொழிலாளர்கள் மீது நாட்கணக்கில் வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்டது. 2023 ஜனவரியில் நீஹாரின் எல் வலீலி குடிசைப்பகுதி இயந்திரங்களால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.

இதன் பக்கத்தில் வரைவின் இன்னொரு குறிப்பை வைத்துப் பார்க்கிறோம். ஸ்பெயினின் போக்குவரத்துத் துறை வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, முறையாக நிறுத்தப்பட்ட மோட்டார்ஹோம், சக்கரங்கள் தவிர வேறெதையும் தரையில் ஊன்றாமலும் பந்தலை விரிக்காமலும் இருந்தால் அது முகாமிடுதல் ஆகாது, உள்ளே ஆட்கள் இருப்பது பொருட்டும் ஆகாது. நல்ல விதி. ஒரே நகராட்சி, ஒரே பனிக்காலம்: சக்கரத்தின் மேல் உறங்குபவனுக்குச் சட்டம் காவல், பிளாஸ்டிக்கின் கீழ் உறங்குபவனுக்கு இயந்திரம். நமது வண்டியின் குளிர்பெட்டியில் இருக்கப்போகும் தக்காளி இவர்களில் யார் பறித்தது?

கடைசிக் கட்டம் அல்மேரியாவிலிருந்து மாலகா, ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வரைவு இதற்கு ‘ஓய்வான அரைநாள்’ என்று பெயரிட்டிருக்கிறது. 1937 பிப்ரவரியில் மாலகா வீழ்ந்தபோது பல்லாயிரக்கணக்கான மக்கள் இந்தக் கடலோரச் சாலையில் எதிர்த்திசையில், அல்மேரியாவை நோக்கி நடந்தார்கள். கடலிலிருந்து போர்க்கப்பல்களும் வானிலிருந்து விமானங்களும் அவர்களைச் சுட்டன. இறந்தவர்கள் பல ஆயிரம் இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. போர்முனைக்கு இரத்தம் கொண்டுசெல்லக் குளிர்பெட்டி பொருத்திய வண்டியோடு வந்த கனடிய மருத்துவர் நார்மன் பெத்யூன், சாலையில் கண்ட காட்சிக்குப் பின் வண்டிக்குள் இருந்தவற்றை இறக்கிவிட்டு, குழந்தைகளையும் தாய்மார்களையும் ஏற்றிக்கொண்டு இரவு பகலாக அல்மேரியாவுக்குப் போய்வந்தார். பயணத்துக்கான வண்டியில் என்னென்ன ஏற்ற வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிய நண்பர்களுக்கு, எதையெதை இறக்க வேண்டும் என்று யோசித்த ஒரு மனிதரை நினைவூட்ட விரும்புகிறோம்.

‘விடுமுறைக்குப் போகிறவனைத் துக்கம் கொண்டாடச் சொல்கிறீர்களா? அப்படிப் பார்த்தால் உலகில் இரத்தம் சிந்தாத சாலை ஏது?’ என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. நாம் துக்கத்தைக் கோரவில்லை. கடலைப் பார்த்து மகிழட்டும், மீன் வறுத்து உண்ணட்டும். ஆனால் காற்றின் வேகத்தையும் சிலிண்டரின் வாய்ப்பூட்டையும் தேடி அறிந்த அதே சிரத்தையில் பத்தில் ஒரு பங்கையேனும் அந்த நிலத்தின் மனிதர்களுக்குக் கொடுக்கக் கூடாதா என்றே கேட்கிறோம். எல்லாச் சாலைகளிலும் இரத்தம் உண்டு என்பது, தான் போகும் சாலையைப் பற்றி அறியாமலிருப்பதற்கான சமாதானம் ஆகாது.

ஆகவே வரைவில் மூன்று திருத்தங்களை முன்வைக்கிறோம். கொலியூருக்கு ஒதுக்கிய அதே நேரத்தை அர்ஜெலேஸ் கடற்கரைக்கும், ஸ்பானியரும் யூதரும் பின்னர் அல்ஜீரிய ஹர்க்கிகளும் அடைக்கப்பட்டிருந்த ரிவ்சால்ட் முகாமில் 2015இல் திறக்கப்பட்ட நினைவகத்துக்கும் ஒதுக்க வேண்டும். மாலகா கட்டத்தில் விரைவுச்சாலையை விட்டுப் பழைய கடலோரச் சாலையில், அரைநாளுக்குப் பதில் இரண்டு நாட்களில் போக வேண்டும். மூன்றாவது திருத்தத்துக்குச் செலவே இல்லை. முதல் பக்கத்திலிருந்து ‘ஆஃப் சீசன்’ என்ற சொல்லையும், அந்த நிலம் முழுக்க நமக்கே என்ற வாக்கியத்தையும் அடித்துவிட வேண்டும்.

அதன் பிறகு நண்பர்கள் அழைத்தால், வண்டியில் இடமிருந்தால், நாமும் வருகிறோம்.