ஓட்டையை அடைத்தே ஆகணுமா?

ஹாஸ்டலில் விஞ்ஞானப் படம் ஓடினால் போதும், "இது எப்படிடா சாத்தியம்?" என்று ஒரு குரல் கிளம்பும். கேள்வி நியாயம்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் படம் பதில் சொல்லணுமா? தேவையில்லை என்பது என் கட்சி.

'டெர்மினேட்டர்' (1984) படத்தில் உயிருள்ள உடம்புக்கு மட்டுமே காலப்பயணம் உண்டு. இயந்திர மனிதன்கூட மேலே சதை போர்த்தித்தான் வருகிறான். 1991-ல் வந்த இரண்டாம் பாகத்திலோ முழுக்கத் திரவ உலோகமான ஆசாமி ஜம்மென்று வந்து இறங்குகிறான்! எப்படி? படம் வாயே திறக்கவில்லை. தாயும் பிள்ளையும் தப்புவார்களா என்ற பதைப்பில் நாமும் கேட்கவில்லை.

'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்தில் ஹான் சோலோ தன் கப்பலின் வேகத்தைப் 'பார்செக்'கில் சொல்லிப் பெருமையடிப்பான். பார்செக் தூரத்தின் அலகாச்சே! அவன் குறுக்கு வழியில் போனான் என்று 2018-ல் 'சோலோ' படம் சப்பைக்கட்டு கட்டியது. பீலா விடுகிறான் என்று சிரித்ததே சுகம்.

அதே 1977 படத்தில், நிலா மாதிரி பிரம்மாண்டமான போர் நிலையம் இரண்டு மீட்டர் துவாரத்தில் பாய்ந்த குண்டால் சிதறும். இப்படியா டிசைன் பண்ணுவான்? 'ரோக் ஒன்' (2016) பதில் சொன்னது: மிரட்டி வேலை வாங்கப்பட்ட ஒரு இன்ஜினியர், அதன் ரியாக்டரில் வேண்டுமென்றே பலவீனம் வைத்தான். நாளை டிராயிங்கில் கையெழுத்துப் போடப்போகும் நமக்கு இது சுருக்கென்று தைக்கிறது.

ஓட்டையை மறைக்கும் விளக்கம் வெறும் பஞ்சர் ஒட்டு. மனுஷனைக் காட்டும் விளக்கம்தான் கதை. என்ன நண்பர்களே, சரிதானே?