சொந்தப் பெயரில் ஓடியவர்

சென்ற மாதம் நம் மன்றத்தில் நடந்த பட்டிமன்றத்தை நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ‘இளைஞரின் முன்னேற்றத்திற்குக் குடும்பம் துணையா, தடையா?’ என்பது தலைப்பு. துணை என்றவர்கள் தாயின் தியாகத்தைச் சொல்லி நம் கண்களைக் கலக்கினர். தடை என்றவர்கள் தந்தையின் பிடிவாதத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினர். நடுவர் வழக்கம்போல் துணையின் பக்கமே தீர்ப்பளித்தார். பிறகு வடையும் தேநீரும்.

எனக்கு மட்டும் ஒரு குறை. குடும்பத்தைப் பற்றி இவ்வளவு பேசுகின்ற நாம், குடும்பத்தோடு பேசுகின்றோமா என்று எவரும் கேட்கவில்லை. தாயின் தியாகத்தைப் பாடிய நண்பர் ஒருவர் இங்கே என்ன படிக்கிறார் என்பது அவருடைய வீட்டுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. அவரைச் சொல்வானேன்? என் கதையும் அதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் கேள்விக்கு விடை தந்தவர் ஓய்வு பெற்ற ஒரு கார்ப் பந்தயக்காரர், அதுவும் அமெரிக்கர். பௌதிகம் படிக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். சரிந்து அமைந்த வளைவில் அவ்வளவு வேகமாகச் செல்லும் கார் ஏன் சறுக்குவதில்லை என்ற கணக்கைத் தேடப் போய், பழைய பந்தயக் காட்சி ஒன்றில் சிக்கிக்கொண்டேன். கணக்கு அப்படியே கிடக்கிறது.

அவர் பெயர் நெட் ஜாரெட். 1932-இல் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தவர். அங்கே ஸ்டாக் கார் பந்தயம் என்று ஒன்று உண்டு. கடையில் விற்கும் சாதாரணக் காரையே வலுப்படுத்தி, முட்டை வடிவத் தடத்தில் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓட்டுவது அந்நாளைய வழக்கம். (இன்று பெயர்தான் பழையது, வண்டி முழுவதும் பந்தயத்திற்கென்றே கட்டப்படுகிறது.) அந்தத் தென் மாநிலங்களில் கள்ளச்சாராயம் கடத்தியவர்கள், காவலர் கையில் சிக்காதிருக்க வண்டிகளை முடுக்கக் கற்றனர், அவர்களிற் சிலர் பந்தயமும் ஓட்டினர். நாஸ்கார் என்னும் அமைப்பு 1948-இல் தோன்றி ஒழுங்குமுறை வகுத்த பிறகும் அந்தக் கெட்ட பெயர் நெடுநாள் நீங்கவில்லை.

ஜாரெட்டின் தந்தை மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்தவர். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குச் செல்பவர். ஒன்பது வயது மகனிடம் வண்டியைக் கொடுத்துத் தேவாலயம் வரை ஓட்டச் சொன்னவரும் அவரே. ஆனால் ஊருக்கு அருகே ஹிக்கரியில் பந்தயத் தடம் திறந்து, மகனுக்கு அந்த ஆசை பிடித்தபோது, “வண்டியில் பங்கு வைத்துக்கொள், பழுது பார், ஆனால் ஓட்டாதே” என்னும் பொருள்படத் தடுத்துவிட்டார். மகன் பணிந்தார். பணிந்து, பிறகு ஒரு குறுக்குவழி கண்டார். கூட்டாளிக்கு ஒருநாள் உடல் நலமில்லை. அவருடைய பெயரிலேயே ஜாரெட் ஓட்டினார், இரண்டாமிடம் வந்தார். கிடைத்த சுவை விடவில்லை. மேலும் சில பந்தயங்கள் அதே இரவற்பெயரில் நடந்தன. இறுதியில் வெற்றியே காட்டிக்கொடுத்தது. செய்தி தந்தையின் காதுக்கு எட்டிவிட்டது.

தந்தை என்ன செய்தார்? நம் திரைப்படங்களாயின் இந்த இடத்தில் ஓர் அறை விழும். தாய் குறுக்கே வந்து நிற்பாள். அந்த மனிதரோ, ஓட்டித்தான் தீருவாய் என்றால் உன் சொந்தப் பெயரிலாவது ஓட்டு என்றார்.

இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். அவர் சம்மதித்தாரா? இல்லை. மகிழ்ந்தாரா? அதுவும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் யாருடையது? ஜாரெட் என்பது தந்தையின் பெயருமல்லவா? எந்தப் பெயருக்கு இழுக்கு வரும் என்று அஞ்சினாரோ, அந்தப் பெயரையே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். கூட்டாளியின் பெயரில் ஓடுகிற மகன் கவிழ்ந்தால் அந்தச் செய்திகூட வீட்டுக்குச் சரியாக வந்து சேராது. ஆபத்தைத் தடுக்க முடியாதென்று கண்ட தந்தை, அந்த ஆபத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையையாவது கேட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எல்லாத் தந்தையரும் இப்படி இருந்துவிடவில்லை. அதே பந்தய உலகில் லீ பெட்டி என்பவர், 1959-இல் அட்லாண்டா நகரத்துத் தடமொன்றில் வெற்றி என்று அறிவிக்கப்பட்டவர்மீது சுற்றுக் கணக்கில் பிழை என்று முறையிட்டு, அந்த வெற்றியைத் தாம் பெற்றுக்கொண்டார். முறையீட்டால் தோற்றவர் அவருடைய மகன் ரிச்சர்டு!

ஜாரெட்டின் வெற்றிகளை விரிக்கத் தேவையில்லை: 1961, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வாகையர், மொத்தம் 50 வெற்றிகள். 1959-இல் வங்கி மூடிய வெள்ளிக்கிழமை மாலை 2,000 டாலருக்குக் காசோலை எழுதி ஒரு காரை வாங்கி, திங்கட்கிழமைக்குள் இரண்டு பந்தயங்களில் வென்று அந்தக் காசோலையைக் காப்பாற்றினார் என்ற கதையை எல்லாரும் வியந்து சொல்கின்றனர். எனக்கோ, குழந்தைகளோடு வீட்டிலிருந்த அவர் மனைவி மார்த்தாவின் அந்த இரண்டு இரவுகள்தாம் நினைவுக்கு வருகின்றன.

1964 மே 24. சார்லட் நகரில் 600 மைல் பந்தயம். ஏழாவது சுற்றிலேயே ஜாரெட்டின் வண்டியும் ஜூனியர் ஜான்சனின் வண்டியும் மோதிச் சுழன்றன. அவற்றைத் தவிர்க்க முயன்ற ஃபயர்பால் ராபர்ட்ஸின் வண்டி சுவரில் மோதிக் கவிழ்ந்து தீப்பற்றியது. ஜாரெட் ஓடிச் சென்று அவரைத் தீக்குள்ளிருந்து வெளியே இழுத்தார். ராபர்ட்ஸ் ஐந்து வாரத்துக்கு மேல் போராடி ஜூலை 2-இல் இறந்தார். அதே ஆண்டு சனவரியில் ஜோ வெதர்லி, செப்டம்பரில் ஜிம்மி பார்டியூ. ஒரே ஆண்டில் உடன் ஓடியவர் மூவர் போயினர்.

1966-இல் ஜாரெட் விலகினார், வயது 34. முந்தைய ஆண்டின் பட்டம் அவரிடம் இருந்தது. உச்சியில் இருக்கும்போதே இறங்குவது என்று முன்பே உறுதி செய்துகொண்டதாகப் பின்னாளில் அவர் சொன்னார். இதை முழுத் துறவாகக் காட்டிவிட நான் விரும்பவில்லை. எஞ்சின் விதி பற்றிய தகராறில் ஃபோர்டு நிறுவனம் அவ்வாண்டு பந்தயத்திலிருந்து பின்வாங்கியதும் ஒரு காரணம். ஆனால் வேறு வண்டி தேடிப் போயிருக்கலாம், போகவில்லை. மூன்று குழந்தைகளோடு ஊர் திரும்பி, தாம் பெயர் மறைத்து ஓடிய அதே ஹிக்கரித் தடத்தை நிருவகித்தார். மேடைப் பேச்சுப் பயிற்சி முன்பே பெற்றிருந்ததால் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வருணனையாளராகவும் ஆனார்.

அவருடைய இளைய மகன் டேல், தந்தை விட்ட தொழிலையே எடுத்துக்கொண்டார். நான் சிக்கிக்கொண்ட காட்சி அவருடையதுதான். 1993 பிப்ரவரி 14, டேடோனா. இரண்டரை மைல் தடத்தில் 200 சுற்று. கடைசிச் சுற்றுக்குள் நுழையும்போது டேல் எர்ன்ஹார்ட் என்னும் பெருவீரரோடு டேல் ஜாரெட் ஒட்டி ஓடுகிறார். (முன்வண்டி காற்றைப் பிளக்க, பின்வண்டிக்கு எதிர்ப்புக் குறைகிறது, இரண்டும் தனித்தனியே செல்வதைவிடச் சேர்ந்து வேகமாகச் செல்லும். நம் துறையார் இதில் ஒரு நல்ல ஆய்வே செய்யலாம்.) வருணனை மேடையில் தந்தை. மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டு, அந்தக் கடைசிச் சுற்றை அவரிடமே விட்டுவிடுகின்றனர். நடுநிலை போயிற்று. உள்பக்கமாகப் போ, அவனை உள்ளே விடாதே என்று தந்தை மகனுக்கு வழி சொல்லத் தொடங்கிவிட்டார். நாடு முழுவதும் கேட்டது. வண்டிக்குள் இருந்த மகன் காதில் மட்டும் ஒரு சொல்லும் விழவில்லை. மார்த்தா பந்தயத்தையே பார்க்க மாட்டாமல் தம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். அங்கும் ஒரு படக்கருவி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மகன் வென்றார்.

பிறகு நெட் ஜாரெட்டுக்கு மனம் உறுத்தியது. பட்டங்கள் பல பெற்றும் அந்தப் பந்தயத்தை மட்டும் அதுவரை வெல்லாதவர் எர்ன்ஹார்ட். அவருக்கு எதிராக ஒருபக்கம் சாய்ந்து பேசிவிட்டோமே என்று அவரிடமே சென்று வருத்தம் தெரிவித்தார். நானும் ஒரு தந்தைதானே என்று சொல்லி எர்ன்ஹார்ட் அதை விட்டுவிட்டாராம். 2001-இல் அதே தடத்தில், அதே பந்தயத்தின் கடைசிச் சுற்றில், எர்ன்ஹார்ட் உயிரிழந்தார். அன்று இரண்டாவதாக வந்தவர் அவருடைய மகன்.

பட்டிமன்றத்து நண்பர்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். தந்தை தடுத்ததும் உண்மை; மகன் மீறியதும் உண்மை. ஆனால் மறைவு நீங்கிய பிறகே அந்த வீட்டில் ஒருவர் மற்றவருக்குத் துணையாக முடிந்தது. கேட்டால் விடமாட்டார்கள், ஆகவே சொல்லாமல் செய்வோம் என்ற நம் வாதம் அவ்வளவு வீரமானதன்று. இதை எல்லார்க்கும் பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. நம் தோழியர் சிலருக்கு வீட்டில் உண்மையைச் சொல்வது என்றால் மறுநாளே ஊருக்கு இரயிலேறுவது என்று பொருள். அவர்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை. எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

என் தந்தை சங்ககிரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் லாரி ஓட்டியவர். “வண்டிப் பக்கம் வந்தீன்னா காலை ஒடிச்சுருவேன் பாத்துக்க” என்று சொல்லியே என்னை வளர்த்தார். நான் கலெக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டே தில்லியில் ஐ.ஏ.எஸ். பயிற்சிக்கும் போகிறேன் என்று நம்புகிறார். போனேன், இரண்டு மாதம். அதன்பின் ஆராய்ச்சிதான் என் வழி என்று தெரிந்து நின்றுவிட்டேன். பயிற்சிக்கென்று அவர் அனுப்பும் பணத்தை ஒரு காசு தொடாமல் வங்கியில் வைத்திருக்கிறேன். தொடாதிருப்பதால் குற்றம் குறையும் என்று எண்ணியிருந்தேன். “படிக்கறயா சாமி?” என்பார். “படிக்கிறேன்ப்பா” என்பேன். பொய்யில்லை. கூட்டாளியின் பெயரில் ஜாரெட் ஓட்டியதும் பொய்யில்லைதான். கார் உண்மையாகவே ஓடியது.

நான் முதன்முதலில் இங்கு வந்தபோது, சேலம் சந்திப்பில் என்னை ஏ.சி. பெட்டியில் ஏற்றிவிட்டார். அவ்வளவு செலவு வேண்டாமென்றாலும் கேட்கவில்லை. வண்டி நகர்ந்த பிறகும் எதையோ சொல்லிக்கொண்டே நடைமேடையில் கூடவே வந்தார். கண்ணாடிக்கு அப்பால் வாய் அசைவதுதான் தெரிந்தது. என்ன சொன்னீர்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

இந்த இதழின் படி ஒன்று ஊருக்கு அஞ்சலில் போகும். அது போய்ச் சேருமுன் நானே பேசிவிடவேண்டும். இப்போது டயர் கடையில் கணக்கு எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குக் கடை சாத்துவார்கள்.