விதியில் 'சாதி' என்ற சொல் உண்டா?
நிறுவனங்களில் பாகுபாட்டைக் களையும் பொறுப்புகளுக்கு நம் பொறியாளர்கள் மாற விரும்பினால் வரவேற்போம். ஆனால் அதற்கு விலை உண்டு. சரவணம்பட்டி மென்பொருள் அலுவலகத்தில் நிரல் எழுதிக்கொண்டிருக்கும்வரை, "எந்த ஊருங்க, ஊருக்குள்ள எந்தப் பக்கமுங்க?" என்ற கேள்விக்கு மழுப்பிவிடலாம். அந்த நாற்காலியில் அமர்ந்து சாதியைப் பேசத் தொடங்கினால் மழுப்ப முடியாது. பட்டம் காப்பாற்றும் என்றும் கொங்கில் யாரும் சொல்ல முடியாது. 2015இல் கொல்லப்பட்ட கோகுல்ராஜ் பொறியியல் பட்டதாரி, 2016இல் வெட்டப்பட்ட உடுமலை சங்கர் பொறியியல் மாணவர்.

எனவே பதவியை ஏற்குமுன் நிர்வாகத்திடம் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். நடத்தை விதிகளில் 'சாதி' எழுத்தில் இருக்கிறதா? பெண்கள், மாற்றுத்திறனாளிகள் என்பதோடு நின்றுவிடும் விதி நமக்குப் போதாது. சாதிப் பாகுபாடு காட்டியதாக சிஸ்கோ மீது கலிபோர்னியா அரசு 2020இல் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஆப்பிள் அச்சொல்லைத் தன் விதிகளில் சேர்த்தது.

அமெரிக்கா வரை போவானேன்? திண்டுக்கல் ஆடை ஆலைத் தொழிலாளி ஜெயஸ்ரீ 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்துடன் ஒப்பந்தம் கண்டது. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாடும் அதில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கிறது. ஆலைக்குள் அதைக் கண்காணிக்கும் பொறுப்பு, அங்கே தைத்த பெண்களிடமே தரப்பட்டது.