கல்வெட்டில் இல்லாத களி

திருமலை ஆலயத்துச் சுவர்களின் ஓரமாக, கூட்டத்தின் நெருக்கத்தினின்று சற்றே ஒதுங்கி நின்று அங்கே பொறிக்கப்பட்டிருக்கும் எழுத்துக்களை நோக்குகிறவர்களுக்கு, தெலுங்கு வழங்கும் நாட்டிலுள்ள இத்தலத்துச் சாசனங்களில் மிகப் பெரும்பாலானவை தமிழிலே இருப்பதும், அவற்றுட் பலவற்றின் பிரதான விஷயம் போராகவோ வெற்றியாகவோ இராமல் சோறாகவே இருப்பதும் பெருவியப்பைத் தரும். சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் அரிதின் ஆராய்ந்து 1930இல் அறிக்கை எழுத, தேவஸ்தானத்தார் பல தொகுதிகளாக வெளியிட்ட இச்சாசனங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அமுதுபடி, நெய்யமுது, பயற்றமுது, மிளகமுது, தயிரமுது, இலையமுது என்று மரக்காலும் நாழியும் உழக்குமாக அளந்து, ஒரு மடைப்பள்ளியின் கணக்கையே அவை கல்லில் ஏற்றி வைத்திருக்கின்றன.

அச்சோறு யார் யார் கைக்குப் போயிற்று என்பதையும் கல்லே சொல்லுகிறது. நிவேதனமான பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கட்டளை வைத்தவருக்கு உரியது. 'விட்டவன் விழுக்காடு' என்பது அதற்குப் பெயர். எஞ்சியது கோயிலைச் சார்ந்தவர்களுக்கு அவரவர் உரிமைப்படி பகிரப்பட்டது. ஆகவே ஒருவர் பெற்ற பிரசாதத்தின் அளவு, ஊரில் அவருக்கிருந்த மரியாதையின் அளவாகவும் விளங்கிற்று. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், விஜயநகரத்துச் சாளுவ நரசிம்மரின் ஆதரவைப் பெற்ற கந்தாடை இராமாநுஜ ஐயங்கார், இராமாநுஜ கூடங்கள் என்னும் அன்னசத்திரங்களின் வாயிலாக இந்த விழுக்காட்டை யாத்திரை வந்த வைஷ்ணவர்களின் பசிக்குத் திருப்பிவிட்டதும், பூணூல் தரியாத சாத்தாத வைஷ்ணவர்கள் அவருடைய சீடர்களாகி ஆலயத்தில் உரிமை பெற்றதும், சோற்றின் வழியே சமூக வரிசை சிறிது நெகிழ்ந்ததற்குச் சாட்சிகளாகும்.

ஆயினும் இக்கட்டளைகளுக்கு மூலதனமான பொருள் எங்கே போயிற்று என்று பார்த்தால், கோயிற் கிராமங்களில் ஏரிகளையும் கால்வாய்களையும் வெட்டுவதற்கே அதிற் பெரும்பகுதி செலவாயிற்று. அவற்றால் பெருகிய விளைச்சலே அதிரசமாகவும் அப்பமாகவும் ஆயிற்று. அந்த ஏரியில் மண் சுமந்தவள் உச்சிவேளையில் எதை உண்டாள்? அதைச் சொல்லக் கல்லில் ஒரு வரியும் இல்லை.

கல் மௌனம் சாதிக்கும் இடத்தில் மண் பேசக்கூடும். சித்தூருக்குத் தென்மேற்கே, திருப்பத்தூரை அடுத்த பையம்பள்ளியில் 1960களில் நடந்த அகழாய்வில், புதிய கற்கால மக்கள் விட்டுச்சென்ற கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. பட்டயமும் மெய்க்கீர்த்தியும் இல்லாத அந்த ஜனங்களின் உணவை அடுப்புச் சாம்பல் காப்பாற்றித் தந்தது. அதே கொள்ளை வேகவைத்து வடித்த சாறு இன்றும் சித்தூர்ப் பக்கத்து வீடுகளில் மணக்கிறது.

ஆகையால், பொன்னும் விக்கிரகமும் கிடைத்தால் போற்றி, சாம்பலையும் ஓட்டுச் சில்லையும் ஒதுக்கித் தள்ளும் மனப்பான்மை மாறவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். இவ்வட்டாரத்தில் அகழும் குழி ஒவ்வொன்றின் மண்ணையும் நீரிற் கரைத்து, மிதந்து வரும் கரிந்த தானியத்தைச் சேகரிக்கவேண்டும். பானையின் உட்புறத்துப் படிவையும் எலும்புகளையும் பரிசோதிக்கவேண்டும். தொல்லியல் கற்பிக்கும் ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் திருப்பதியிலேயே இருக்கையில், இப்பணிக்கு ஆள் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை.

சித்தூரை அடுத்த ஒரு சிற்றூரில், வாசல் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்த கேழ்வரகுத் திருகையொன்றைக் கண்டேன். பல தலைமுறைப் பெண்களின் கைபட்டு அதன் மேற்கல் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. இப்போது அதன்மேல் துணி துவைக்கிறார்கள். திருமலையில் 1985இல் தொடங்கிய நித்திய அன்னதானப் பந்தியில் இன்று எவரும் எவரோடும் உட்கார்ந்து உண்ணலாம். அந்தத் திருகையில் அரைத்துக் களி கிண்டித் தின்று, ஏரிக்கரையில் மண் சுமந்தவர்களுக்கும் நம் சரித்திரத்தின் பந்தியில் ஓர் இலை போடப்படவேண்டும்.